நீரோரத்து இல்லறம்

எமது கல்லூரியின் விழா மலருக்கு ஏதேனும் எழுதித் தருமாறு பழைய மாணவர் சங்கத்தினர் அன்புக் கட்டளை இட்டனர். விடுதி வாழ்க்கையைப் பற்றியும், கிரிக்கெட் போட்டிகளைப் பற்றியும், பிரம்புக்கும் பரிவுக்கும் ஒருங்கே பேர்பெற்ற ஆசிரியப் பெருமக்களைப் பற்றியும் எழுதுதற்கு எம்மினும் வல்லார் பலர் உளர். அவர்கள் தொடாது விடக்கூடிய பொருளொன்றை எழுதுவதே முறையெனக் கருதி, நாம் பிள்ளை குட்டிகளுடன் நடத்திய குடித்தனத்தைப் பற்றி எழுதத் துணிந்தோம். கல்லூரியை முற்றாக மறந்தோமல்லோம். இதற்கு வித்திட்டது ஒரு பூமிசாத்திர வகுப்பேயாகும்.

அவ்வாசிரியர் கரும்பலகையிலே சுமாத்திராவையும் சாவகத்தையும் வரைந்து, இரண்டுக்கும் நடுவே சுண்ணக்கட்டியால் ஒரு புள்ளி குத்தினார். "இது கிரக்கத்தோவா" என்றார். 1883ஆம் ஆண்டு ஆகஸ்ட் 27ஆம் நாள் அவ்வெரிமலை வெடித்த ஓசை, ஏறக்குறைய 4,800 கிலோமீற்றருக்கு அப்பாலுள்ள ரொட்றிக்ஸ் தீவிலே பீரங்கி முழக்கம்போற் கேட்டதென்றும், மாண்டோர் 36,000 பேருக்கு மேலென்றும், அவருட் பெரும்பாலாரைக் கொன்றது நெருப்பன்று நீரே என்றும் விளக்கினார். பின்பு எம்மை நோக்கி, "நீர் எந்த ஊர்?" என வினவினார். கல்முனைப் பக்கம் என்றோம். "அப்படியானால் உம்முடைய பக்கத்திலும் அந்த மலை ஓர் உயிரைக் கொண்டுபோயிருக்கிறது" என்று கூறி, அம்பாறைக் கரையின் தென்கோடியிலுள்ள பாணமையிலே அன்று எழுந்த அலையில் அகப்பட்டுப் பின்னர் இறந்துபோன ஒரு பெண்ணைப் பற்றிச் சொன்னார். வகுப்புச் சிரித்தது. எரிமலையே இல்லாத நாட்டில் ஒருத்தி எரிமலையால் இறந்தாள் என்பது பதினைந்து வயதுப் பையன்களுக்கு வேடிக்கையாகத் தோன்றியதில் வியப்பில்லை. 

1996இல் இல்லறம் ஏற்றோம். மட்டக்களப்புத் தமிழகத்தின் வழமைப்படி பெண்ணுக்கு வீடு கொடுப்பர். மாப்பிள்ளை அவ்வீட்டிற் சென்று குடியிருப்பான். நாமும் சவளக்கடை வளவையும் வயலையும் தந்தையார் பொறுப்பில் விட்டுவிட்டு, பாண்டிருப்பிலே கடலோரமாக இருந்த இல்லாளின் சீதன வீட்டிற் குடிபுகுந்தோம். வேலிக்கு அப்பால் அவளுடைய தமக்கையார் வீடு. இரண்டு வீட்டுக்கும் பொதுவாக ஒரு கிணறு இருந்தது. கிணற்றைப் போலவே மாமியாரும் இரண்டு வீட்டுக்கும் பொது. காலையில் எம் பிள்ளைகளுக்குத் தலைவாரி விடுவார். மாலையில் அங்குள்ள பிள்ளைகளுக்குச் சோறூட்டுவார். 

அங்கு வாழ்ந்தோர்க்குக் கடல் ஓர் அச்சமன்று, அடுக்களையின் ஒரு பகுதி. கரைவலை இழுத்த நாளில் சூடை மீன் கடகத்தோடு வாசலுக்கு வரும். பிள்ளைகள் மணலிலே வீடு கட்டுவர், அலை அதனைக் கரைக்கும், மீண்டும் கட்டுவர். எம் இல்லாள் அஞ்சியதெல்லாம் வீதியைத்தான். அது போர்க்காலம். அந்நாளிற் கிழக்கு மாகாணத்து வீடுகளில், கதவோரத்து ஆணியில் ஒரு பை தொங்கிக்கொண்டிருக்கும். பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, வங்கிப் புத்தகம், காணி உறுதி, பிள்ளைகளின் தடுப்பூசி அட்டை, இருந்தால் நகை என்பன அதனுள் இருக்கும். 1990க்குப் பின்னர் அத்தகைய பை இல்லாத வீட்டை நாம் அப்பக்கத்திற் கண்டதில்லை. ஓட நேர்ந்தால் முதலிற் பிள்ளையைத் தூக்கு, அடுத்துப் பையைத் தூக்கு என்பது பெண்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளாமலே அறிந்திருந்த பாடம்.

2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை. பௌர்ணமி விடுமுறையும் ஆகும். பெரும்போகப் பயிர் பச்சை பிடித்திருந்த காலம். முதல் நாள் மாலையே மூத்தவள் ஏழு வயதினளையும் இளையவன் நாலு வயதினனையும் அழைத்துக்கொண்டு வயல் பார்க்கச் சவளக்கடைக்கு வந்துவிட்டோம். வீட்டில் இருந்தவர்கள் இல்லாளும், ஒன்றரை வயதுக் கடைக்குட்டியும், மாமியாரும். அன்று காலை சுமாத்திராவின் அருகே கடலடியில் நிலம் பிளந்ததை இங்கு எவர் அறிவார்? இரண்டு மணித்தியாலத்துக்குள் அலை இக்கரையை அடைந்தது. ஆரவாரம் கேட்டவுடன் இல்லாள் குழந்தையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு பெருந்தெருவை நோக்கி ஓடினாள். மாமியாரும் கூடவே ஓடி வந்தவர், படலையைத் தாண்டிப் பத்தடி வந்தபின், "பை, பை" என்று சொல்லித் திரும்பினார். அவரை அதன்பின் எவரும் உயிருடன் காணவில்லை. தெருவருகே நீர் இடுப்பளவு உயர்ந்தபோது, மருதமுனையைச் சேர்ந்த நெசவாளர் ஒருவர், முன்பின் அறியாத காக்கா, குழந்தையை வாங்கித் தம் தோளில் ஏற்றிக்கொண்டு மறுகையால் இல்லாளையும் இழுத்து மதிலொன்றின் மேல் ஏற்றிவிட்டார். அவருடைய தறிகளையும் அன்று கடல் கொண்டது.

அம்பாறை மாவட்டத்தில் மாத்திரம் 10,000 பேருக்கு மேல் மாண்டனர். இலங்கையிலே இவ்வளவு பேரை இழந்த மாவட்டம் வேறில்லை. எண்ணிக்கைகளைப் பற்றி மேலும் எழுதுதற்கு எமக்கு மனமில்லை. எமது உள்ளத்தில் தைத்து நிற்பது அந்தப் பத்தடியே. போர் ஆண்டுகளில் எங்களைக் காத்த பழக்கம் அம்மூதாட்டியைத் திருப்பி அழைத்தது. துப்பாக்கிக்கு அஞ்சி ஓடுவோனுக்குப் பையை எடுக்க நேரம் கிடைக்கலாம். கடல் அந்நேரத்தைக் கொடுப்பதில்லை.

இதனை நினைந்து பல்லாண்டுகள் வாசித்தோம். எரிமலை அடிவாரங்களிலே குழந்தைகளோடு குடும்பம் நடத்துவோரின் வரலாறுகள் எமக்கு மிகவும் நெருங்கியவையாகத் தோன்றின. சாவகத்தின் மெராப்பி மலை 2010இல் சீறியபோது 350 பேருக்கு மேல் இறந்தனர். அடிவாரத்து மக்கள் முகாம்களுக்கு இறங்கி வந்தார்கள்தாம். ஆயின் பகலிலே பலர் மீண்டும் மேலேறினார்கள். ஏனெனில் மாடுகள் மேலே நின்றன. புல் அறுத்துப் போடவும் பால் கறக்கவும் ஆள் வேண்டுமே! அம்மாடுகளை அரசாங்கமே விலைக்கு வாங்கிக்கொள்ளும் என்று அறிவிக்க வேண்டியதாயிற்று. வேறொரு தீவு ரீயூனியன். 19ஆம் நூற்றாண்டிலே கரும்புத் தோட்டங்களுக்குச் சென்ற நம் தமிழரின் வழித்தோன்றல்கள் இன்றும் பெருந்தொகையாக வாழும் இடம். அங்கு 1977இல் எரிமலைக் குழம்பு ஓர் ஊருக்குள் இறங்கி வீடுகளை எரித்துத் தேவாலயத்தைச் சூழ்ந்து வாயிலோடு உறைந்து நின்றது. ஊரார் முன்னரே அகற்றப்பட்டமையால் உயிர்ச்சேதம் இல்லை. அங்கே நெருப்பு நடந்து வந்தது. எமது ஊருக்கு நீர் ஓடி வந்தது. எவ்வாறாயினும், இத்தகைய இடங்களில் ஓடுவதற்குப் பிள்ளைகளைப் பழக்குவது எளிது. திரும்பாதிருக்கப் பழக்குவதே அரிது. மாடு, பை, பாடப் புத்தகம், பாட்டி என்று திரும்புதற்கு ஏதேனும் ஒன்று எப்போதும் இருக்கவே செய்யும்.

கடற்பெருக்குக்குப் பின் கிணற்று நீர் உவர்த்துவிட்டது. இறைக்க இறைக்க உப்பு. கரையிலிருந்து 200 மீற்றருக்குள் வீடு கட்டலாகாது என்று முதலிற் கூறினர். பின்னர் அதனைத் தளர்த்தினர். இல்லாள் எதற்கும் காத்திராது, "இனி அங்க ஒரு இரவும் இல்லை" என்றாள். அவள் தமக்கையார் அதற்கு நேர்மாறு. அவர் கணவர் கடற்றொழில் செய்பவர். தோணி ஓரிடத்தில், அடுப்பு ஓரிடத்தில் என்றால் ஆகுமா? அன்றியும் மைத்துனியார் ஒரு கணக்கும் சொன்னார்: "தம்பி, உங்கட ஊருக்கு வெள்ளம் வருஷா வருஷம் வரும். எங்கட ஊருக்குக் கடல் நூறு வருஷத்துக்கு ஒருக்கா வரும். எது ஆபத்து?" எமக்கு இன்றளவும் அதற்குச் சரியான விடை தெரியாது. 1883க்கும் 2004க்கும் இடையே 121 ஆண்டுகள் என்று மனத்துள் கணக்கிட்டுப் பார்த்தோம்; வாய் திறந்தோமில்லை.

சவளக்கடையை அறியாத அன்பர்களுக்கு ஒரு சொல். கல்முனையிலிருந்து மேற்கே வந்து கிட்டங்கித் தாம்போதியைக் கடந்தால் வயல்வெளியின் நடுவே எமது பகுதி. நாவிதன்வெளிப் பிரதேசம் என்பர். தமிழரும் முஸ்லிம்களும் ஒரே வாய்க்கால் நீரில் வேளாண்மை செய்பவர்கள். கோடையிலே புழுதி, மாரியிலே கடல்தான். வடகீழ்ப் பருவமழை சற்றே கனத்தால் கிட்டங்கித் தாம்போதியின் மேல் நீர் பாயும். கல்முனைக்குப் போக்குவரத்து அறும். அலுவலகத்துக்கும் பாடசாலைக்கும் கல்முனைக்குச் செல்வோர் நிலையை எழுத வேண்டா. சில நாள் தோணி. சில நாள் உழவு இயந்திரப் பெட்டி. சில நாள் வீட்டிலே பிட்டும் சம்பலும். 

பிள்ளைகள் சிறுவர்களாயிருந்த அம்மாரிகளை இல்லாள் எவ்வாறு நடத்தினாள் என்பதை விரித்தெழுதவே இக்கட்டுரையை எடுத்தோம். ஐப்பசி பிறந்ததும் விறகைப் பரணில் ஏற்றுவாள். மண்ணடுப்பை இரண்டு கல் உயர்த்திக் கட்டுவாள். அரிசி மூடைக்கும் விதை நெல்லுக்கும் கீழே பலகை அடுக்குவோம். உப்பு, தீப்பெட்டி, மண்ணெண்ணெய், கருவாடு, கொத்தமல்லி, குழந்தைகளின் காய்ச்சற் பாணி ஆகியவை மேல்தட்டில். ஒரு பெட்டி மலிபன் பிஸ்கட்டும் அதிலே சேர்வதுண்டு. கார்த்திகை பிறக்குமுன் அது குறைந்துவிடும். எலியென்று இளையவன் கூறுவான். எலிக்குப் பெட்டியை மூடி வைக்கும் நல்லொழுக்கம் எங்கிருந்து வந்தது என்று இல்லாள் கேட்பாள். மறுநாள் கடைக் காக்காவிடம் வேறொன்று வாங்குவோம். பாம்பு வெள்ளத்திலே வீட்டைத் தேடி வரும். ஆதலால் பிள்ளைகள் பாயைத் தட்டியே படுப்பர். வெள்ளம் வடிந்தபின் கிணற்றை இறைத்துக் குளோரின் இட்டு, ஒரு மாதம்வரை கொதித்தாறிய நீரன்றி வேறு கொடாள். நாம் வயற்காட்டில் வாய்க்கால் நீரைக் குடித்து வளர்ந்தவர்கள் என்று பெருமை பேசிய போது, உங்கள் அம்மாவைக் கேட்டால் எத்தனை முறை வயிற்றாலை போனது என்பது தெரியும் என்றாள். தாயாரும் உடனே கணக்குச் சொன்னார்.

ஆனால் இவையெல்லாம் எங்கள் பக்கத்துப் பெண்கள் யாவரும் செய்வனவே. எம் வீட்டுக்கே உரியதாக ஒன்றுண்டு. ஆணியிற் பை கிடையாது. சான்றிதழ்களுக்கெல்லாம் பிரதி எடுத்து, ஒரு கட்டு மைத்துனியார் வீட்டிலும், ஒரு கட்டு கல்முனையில் உள்ள உறவினர் வீட்டிலும், மூலங்கள் வங்கிப் பெட்டகத்திலுமாகப் பிரித்து வைத்தாள். நகையென்று வீட்டில் எதுவும் வைப்பதில்லை. பிள்ளைகளின் புத்தகங்கள் நனைந்தால் வேறு வாங்கலாம் என்று அவர்கள் முன்னிலையிலேயே பலமுறை கூறுவாள். வீட்டைவிட்டு வெளியேறச் சொன்னால், மூத்தவள் கடைக்குட்டியின் கையைப் பிடிக்க வேண்டும்; இளையவன் அப்பம்மாவின் கையைப் பிடிக்க வேண்டும்; வேறு எதையும் பிடிக்கலாகாது. கைகள் நிறைந்துவிட்டால் திரும்ப எண்ணம் வராது என்பது அவளுடைய கருத்து. இதனை விளையாட்டுப்போல் மாதத்துக்கொருமுறை செய்து பார்ப்பார்கள். தாயார் முதலில் முணுமுணுத்தார். பின்னர் அவரே நாள் எண்ணி நினைவூட்டலானார்.

யானையைப் பற்றியும் ஒரு வரி எழுதாவிடின் ஊரார் எம்மைக் கோபிப்பர். அறுவடை முடிந்து நெல் வீடு வந்தபின் யானை மணம் பிடித்து வரும், சுவரை இடிக்கும். யானை வெடி கொளுத்துவோம். அதற்கும் அதே விதிதான்: நெல் போகட்டும்.

2012 ஏப்ரல் 11ஆம் நாள் பிற்பகல் சுமாத்திராப் பக்கம் மீண்டும் 8.6 அளவில் பூமி அதிர்ந்தது. புத்தாண்டுக்கு இரண்டே நாள் இருக்கையில், வானொலியிலும் தொலைபேசியிலும் எச்சரிக்கை. 2005இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி அனர்த்த முகாமைத்துவ நிலையம் அமைந்துவிட்ட காலமாதலின், அறிவிப்பு விரைந்து வந்தது. கரையோரம் முழுவதும் மேற்கு நோக்கிப் பெயர்ந்தது. கிட்டங்கி வழியே முச்சக்கர வண்டியும் உழவு இயந்திரமும் மோட்டார்ச் சைக்கிளுமாக வந்த கூட்டத்தை எம் வாழ்நாளிற் கண்டதில்லை. எம் வளவிலே அன்று மாலை ஏறக்குறைய நாற்பது பேர். பாதிப்பேரை எமக்குப் பெயர் தெரியாது. இல்லாள் பெரிய சட்டியிலே தேத்தண்ணீர் காய்ச்சினாள். அயல்வீட்டு ராத்தா ரொட்டி சுட்டு அனுப்பினார். 

மைத்துனியார் தம் மூன்று பிள்ளைகளோடு வந்து இறங்கினார். அவர் கடைசி மகள், ஏழு வயதுச் சிறுமி, விடாது அழுதுகொண்டிருந்தாள். கட்டியிருந்த ஆட்டுக்குட்டியை அவிழ்த்துவிடத் திரும்பியவளைத் தாயார் அடித்து இழுத்து வந்தாராம். "ஒரு நிமிஷம்தானே கேட்டன்" என்று அவள் தேம்பினாள். மைத்துனியார் பேசவில்லை. எம் இல்லாள் அடுப்படியைவிட்டு எழுந்து வந்து, அச்சிறுமியை மடியில் இருத்திக்கொண்டு, அம்மம்மாவின் பத்தடியை முதன்முறையாக முழுமையாகச் சொன்னாள். எம் பிள்ளைகளுக்கும் அதுவரை அவள் அதனைச் சொன்னதில்லை. பாட்டியைக் கடல் கொண்டுபோயிற்று என்றுமட்டுமே அவர்கள் அறிவர். சொல்லி முடித்தபோது அக்காளும் தங்கையும் ஒருவரை ஒருவர் நோக்கவில்லை. சிறுமி மாத்திரம், "அம்மம்மாக்கு யாரும் கையைப் பிடிக்கேல்லையா?" என்று கேட்டாள். 

அன்று பெரிய அலை வரவில்லை. கடலடித் தட்டு மேலெழாது பக்கவாட்டில் நழுவியமையே காரணம் என்று பின்னர் படித்தோம். மாலை எச்சரிக்கை நீக்கப்பட்டது. இரவு வீடு திரும்பியவர்கள், ஆட்டுக்குட்டி கயிற்றை அறுத்துக்கொண்டு அடுக்களையில் புகுந்து புத்தாண்டுக்கு வாங்கி வைத்த வாழைக்குலையைத் தின்று கொழுத்திருந்ததாகச் செய்தி அனுப்பினர்.

எச்சரிக்கை எப்போதும் வரும் என்று எண்ணுதற்கும் இல்லை. கிரக்கத்தோவா அழிந்த இடத்தில் 1927இல் கடலைப் பிளந்துகொண்டு ஒரு புதுமலை தோன்றியது. அந்நாட்டார் அதற்கு வைத்த பெயரின் பொருள் கிரக்கத்தோவாவின் பிள்ளை என்பதாம். 2018 டிசம்பர் 22 இரவு அப்பிள்ளையின் ஒரு பக்கம் சரிந்து கடலில் வீழ்ந்தது. 400க்கு மேற்பட்டோர் மாண்டனர். பெரிய நில அதிர்வு இல்லாமையால் முன்னறிவிப்பு இல்லை. இச்செய்தியைப் படித்த மூத்தவள், அப்படியானால் நாம் எதைப் பார்த்து ஓடுவது என்று கேட்டாள். கடல் வற்றினால் ஓடு என்று பலரும் சொல்வர். 2004இல் தாய்லாந்துக் கரையிலே கடல் முதலில் உள்வாங்கியது உண்மையே. எம் பக்கத்திலோ முதலில் வந்தது ஏறுநீர், வற்றியது பின்னர்தான். ஆகையால் அவ்வடையாளத்துக்குக் காத்திருப்பதும் தகாது என்றோம். அவளுக்கு அவ்விடை நிறைவளிக்கவில்லை என்பது முகத்திற் தெரிந்தது, எமக்கும் அப்படியே. 

நன்னீரையும் நம்புதற்கில்லை. 2024 நவம்பர் 26ஆம் நாள் மாவடிப்பள்ளித் தாம்போதியில், மதரசாவிலிருந்து வீடு திரும்பிய மாணவர்களை ஏற்றி வந்த உழவு இயந்திரத்தை வெள்ளம் புரட்டியது. சிறுவர் பலர் மாண்டனர். அது எம் ஊரிலிருந்து தொலைவன்று. எம் பிள்ளைகளும் அதேபோன்ற பெட்டியில், அதேபோன்ற நீரின் மேல், எத்தனையோ மாரிகள் சென்று வந்தவர்கள். அன்றிரவு இல்லாள் உறங்கவில்லை. வளர்ந்துவிட்ட பிள்ளைகள் மூவரையும் தொலைபேசியில் அழைத்து, எங்கே இருக்கிறீர்கள் என்று தனித்தனியே கேட்டாள்.

இப்போது மூத்தவளுக்கு மணமாகி இரண்டு வயதில் ஓர் ஆண்குழந்தை உண்டு. மருமகனுக்குக் கல்முனையில் வேலை. வழமைப்படி நாம் அவளுக்கு வீடு கொடுத்தாக வேண்டும். சவளக்கடை வளவிலே கட்டித் தருவோம் என்றிருந்தோம். அவளோ பாண்டிருப்பில் இடிபாடாய்க் கிடக்கும் தாயாரின் காணியைக் கேட்டாள். தாம்போதியைத் தாண்டாமலே குழந்தை பாடசாலைக்குப் போகும், பெரியம்மாவும் வேலிக்கு அப்பால் இருப்பார் என்று காரணமும் கூறினாள். இல்லாள் மூன்று நாள் ஒன்றும் பேசவில்லை. சமைத்தாள், பேரனைக் குளிப்பாட்டினாள், அவ்வளவே. நாம் இருபுறமும் நியாயம் கண்டு, எப்புறமும் பேசாது வயலுக்குப் போய் வந்தோம். மைத்துனியார் மட்டும் ஒருமுறை வந்து, தம் பழைய கணக்கைச் சொல்ல வாயெடுத்து, தங்கையின் முகத்தைக் கண்டு நிறுத்திக்கொண்டார்.

நாலாம் நாள் காலை தேத்தண்ணீர்க் கோப்பையை மகள் கையிற் கொடுத்து, "காணி உறுதியை இங்கேயே வைச்சுக்கொள்ளுவன், உன்ர கையில தரமாட்டன்" என்றாள். மகள் சம்மதித்தாள். அடுத்து, மாடிக்குச் செல்லும் படிக்கட்டு வீட்டுக்கு உள்ளே அன்று, வெளியே முற்றத்திலிருந்து ஏற வேண்டும் என்றாள். மழைக்கு நனையுமே என்றார் மருமகன். நனையட்டும் என்றாள். ஆவணியில் அத்திவாரம் இட்டோம். படிக்கட்டு இப்போது ஏழாம் படிவரை எழுந்துள்ளது. பேரன் அதில் மூன்று படி ஏறப் பழகிவிட்டான்.